உடன்பிறந்தார் வரிசையில்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, இந்த லூதியானாவில் நம்முடன் இரயில்வே அலுவலகத்தில் பணியாற்றும் சீக்கிய நண்பரின் தங்கைக்குத் திருமணம் நடந்தேறியது. அழைப்பிதழ் வந்தபோது நம் இல்லத்தில் எழுந்தது மகிழ்ச்சியன்று, தயக்கமே. புலால் விருந்தாயிருக்குமோ என்று இல்லாள் அஞ்சினாள். பழகாத சடங்கில் எங்கு நிற்பது, எங்கு அமர்வது என்று நாமும் மயங்கினோம். 101 ரூபாயை உறையிலிட்டுக் கொடுத்துவிட்டு உடனே திரும்புவது என முடிவாயிற்று. நம்மவரிற் பலர் வழக்கமும் அதுவே அன்றோ?

குருத்வாராவின் வாயிலில் மிதியடி களைந்து, கைகால் கழுவி, தலையைத் துணியால் மூடி உட்புகுந்தோம். மேற்கட்டியின் கீழ் குரு கிரந்த சாஹிப் எழுந்தருளியிருக்க, ஒருவர் சாமரம் வீசிக்கொண்டிருந்தார். அனைவரும் தரையிலேயே அமர்ந்திருந்தனர். கால் மரத்துப்போக நாம் சற்றே நீட்டினோம். அருகிருந்த முதியவர் நம் முழங்காலை மெல்லத் தொட்டு, மடக்குமாறு குறிப்பால் உணர்த்தினார். திருநூல் இருக்கும் திசையில் கால் நீட்டலாகாது.

'ஆனந்த் காரஜ்' எனப்படும் இம்மணத்தில் வேள்வித் தீ இல்லை, தாலியும் இல்லை. மணமகன் தோளில் தொங்கும் துகிலின் முனையைத் தந்தை தம் மகளின் கையில் கொடுக்கிறார். நான்காம் குருவாகிய ராம்தாஸ் அருளிய 'லாவான்' பாடல்கள் 4. ஒவ்வொன்றும் முதலில் ஓதப்பெறும். பின் அதனையே ஆர்மோனியமும் தபலாவும் ஒலிக்கப் பாட, மணமக்கள் திருநூலை ஒரு முறை வலம் வருவர். இம்மண முறைக்கெனத் தனிச் சட்டம் 1909-லேயே இயற்றப்பட்டது.

வலம் வரும் வழியில் மணமகளின் உடன்பிறந்தார் ஆங்காங்கே நின்று, அவளைக் கைத்தாங்கலாக ஒருவர் அடுத்தவரிடம் சேர்ப்பதும் வழக்கம். நம் மணங்களில் பொரியிடும்போது பெண்ணின் உடன்பிறந்தானுக்குள்ள உரிமை போன்றது இது. நண்பர் கூட்டத்தில் நம்மைத் தேடிக் கையசைத்தார். நாம் தயங்கினோம். "நீங்களும் அவளுக்கு அண்ணன்தானே, வாருங்கள்" என்றார்.

ஈராண்டுக்கு முன் நம் தந்தையார் இவ்வூரில் காலமானபோது, பாடை சுமக்கத் தமிழன்பர் மூவரே வந்து சேர்ந்தனர். நான்காவது தோள் இந்த நண்பருடையது. அறியாத சடங்கென்று அன்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்த உறை அப்பொழுது நம்மை உறுத்தியது. எழுந்து சென்று வரிசையில் நின்றோம். தலை கவிழ்ந்து வந்த அப்பெண்ணை நால்முறையும் தாங்கி, அடுத்தவரிடம் சேர்த்தோம்.

பிரார்த்தனை முடிந்ததும், கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் சேர்த்துக் கிண்டிய கடா பிரசாதத்தை இரு கைகளாலும் ஏந்திப் பெற்றோம். பின்னர் லங்கரில் உணவு. வரிசையாய் அமர்வதைப் 'பங்கத்' என்கின்றனர். நம் 'பந்தி'க்கு உறவான சொல். லங்கரில் புலால் இல்லை. இல்லாள் பருப்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டாள்.

உறையையும் கொடுத்தோம். ஆயினும் பெண்ணைக் கண்ணீரோடு வழியனுப்பிய பின்னரே வீடு திரும்பினோம்.

அயலூரில் வாழும் அன்பர்களே, அண்டை வீட்டார் அழைத்தால் உறையை மட்டும் அனுப்பாதீர்கள். தலைக்கொரு துணியோடு நேரில் செல்லுங்கள்.