வடக்கே பார்க்கும் கண்ணே, தெற்கேயும் பார்!



2024ஆம் ஆண்டு மே மாதம். கோடை விடுமுறை. எருமப்பட்டியில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி மூன்று நாட்களாக இரவில் சரியாகத் தூங்கவில்லை. மொட்டை மாடியில் பாயை விரித்து, வடக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு பார்க்கிறே?" என்றேன்.

"வாத்தியார் தாத்தா, லடாக்கில் வானமே சிவப்பாயிருச்சாம். நம்ம ஊருக்கும் வரும்தானே?" என்றாள்.

அவள் அண்ணனின் செல்போனுக்கு ஒரு படம் வந்திருந்தது. வானம் பச்சையும் ஊதாவுமாக ஜொலித்தது. 'கொல்லிமலையில் எடுத்தது' என்று கீழே எழுதியிருந்தது.

குழந்தைகளே, லடாக் செய்தி உண்மை. அந்தப் படம் பொய்!

எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? கேளுங்கள்.

சூரியனில் அவ்வப்போது பெரும் வெடிப்புகள் ஏற்படும். அப்போது மின்னூட்டம் கொண்ட துகள்கள் விண்வெளியில் பாய்ந்து வரும். நம் பூமி ஒரு பெரிய காந்தம். அது அந்தத் துகள்களை வட, தென் துருவங்களின் பக்கம் திருப்பிவிடும். அங்கே அவை காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜனோடு மோதும்போது ஒளி பிறக்கும். அதுதான் துருவ ஒளி. நார்வே, பின்லாந்து நாட்டுக் குழந்தைகள் வீட்டு வாசலிலிருந்தே பார்ப்பார்கள்.

2024 மே 10, 11 தேதிகளில் வீசிய சூரியப் புயல், சுமார் 20 ஆண்டுகளில் வந்தவற்றிலேயே மிகக் கடுமையானது. அன்றிரவு லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராவில் செந்நிற ஒளி பதிவானது. ஏன் சிவப்பு மட்டும்? பச்சை ஒளி 100, 150 கிலோமீட்டர் உயரத்தில் உண்டாகிறது. சிவப்பு ஒளியோ 200 கிலோமீட்டருக்கும் மேலே. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பூமியின் வளைவு கீழே உள்ள பச்சையை மறைத்துவிடும். உயரத்தில் இருக்கும் சிவப்பு மட்டுமே தெரியும்.

ஹான்லேயிலேயே பச்சை தெரியவில்லை. அங்கிருந்து சுமார் 2,400 கிலோமீட்டர் தெற்கே உள்ள கொல்லிமலையில் எப்படித் தெரியும்? அதுவும் நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். ராக்கெட் விட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் கோடுதான் காரணம். துருவத்துக்குப் போகும் துகள்கள் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இதைச் சொன்னதும் அந்தச் சிறுமியின் கண்கள் கலங்கிவிட்டன. "அப்ப எனக்குத் தெரியவே தெரியாதா?" என்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க வாத்தியாரே, பச்சைப் பிள்ளை ஆசையைக் கெடுக்கறீங்க? 'வரும், வரும்'னு சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று கடிந்துகொண்டார்.

என் கருத்து வேறு. பொய் சொல்லி ஆசையை வளர்ப்பது அன்பு ஆகாது. ஆசைப்படுவதில் தவறே இல்லை. 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி வந்த சூரியப் புயலின்போது பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. அப்படி அரிதிலும் அரிதாக நடப்பதும் உண்டு. ஆனால், எதற்கு ஆசைப்படுகிறோம், அது எங்கே, எப்போது, ஏன் வரும் என்று தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும். தெரியாமல் காத்திருப்பவரைப் பொய்ப் படம் சுலபமாக ஏமாற்றிவிடும்.

ஆகவே, இப்படிப் படம் வந்தால் உடனே நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையா? அந்தப் படம் உங்களோடு நிற்கட்டும்.

சரி, அழுத பிள்ளையை அப்படியே விட்டுவிட முடியுமா? "எழுந்து திரும்பி நில்லு கண்ணு" என்றேன். மணி ஒன்பது. தெற்கு வானில், தாழ்வாக நான்கு நட்சத்திரங்கள் பட்டம் போல நின்றன. தென்சிலுவை! மூன்று இரவும் அது அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தது. நார்வே குழந்தை எத்தனை இரவு விழித்திருந்தாலும் தன் வீட்டிலிருந்து அதைப் பார்க்க முடியாது. பிப்ரவரி மாத இரவில் தெற்கே மின்னும் அகத்திய நட்சத்திரத்தையும் அப்படித்தான். வானிலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. அவர்களுக்கு ஒளித் திரை, நமக்கு அகத்தியர்!

"இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியலை தாத்தா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் மாடி விளக்கை அணைத்தேன். இன்னும் பத்து நட்சத்திரங்கள் தெரிந்தன! ராத்திரி முழுக்க வீணாக எரியும் விளக்குதான் நம் வானத்தைத் திருடுகிறது.

தம்பி, தங்கைகளே! இன்று இரவு அப்பா, அம்மாவைக் கேட்டு, மாடி விளக்கைக் கால் மணி நேரம் அணையுங்கள். பெரியவர்கள் துணையோடு மாடிக்குப் போங்கள். இருட்டுக்குக் கண் பழகும் வரை பொறுமையாக இருங்கள். எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

துருவ ஒளியைப் பார்க்கும் ஆசையும் இருக்கட்டும். நன்றாகப் படித்து, ஒரு நாள் ஹான்லேக்கோ நார்வேக்கோ போய்ப் பாருங்கள். அதுவரை நம் வீட்டு வானத்தை மறக்க வேண்டாம். செய்வீர்கள்தானே?