காசுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதியா?

அமெரிக்காவில் சர்வகலாசாலை விளையாட்டுப் பந்தயங்களைக் கட்டியாளும் என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கத்தின் நீதி யோக்கியதையைச் சற்றுப் பாருங்கள்.

டெக்ஸஸ் மாகாணத்துத் தெற்கு மெதடிஸ்ட் சர்வகலாசாலையில் ஆட்டக்காரர் 13 பேருக்கு இரகசியமாய்ப் பணம் கொடுக்கப்பட்டதென்று, அதன் 1987-ம் வருஷத்துக் கால்பந்தாட்டம் முழுவதையுமே அச்சங்கம் ரத்துச் செய்தது. அதற்கு “மரண தண்டனை” என்று பெயர்!

அதே மாகாணத்துப் பேய்லர் சர்வகலாசாலையிலோ, ஆட்டக்காரர்கள் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக வந்த புகார்களை மேலே தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிக்கவில்லை. 2021-ல் சங்கம் என்ன தீர்ப்புச் சொல்லிற்று? இந்த அலட்சியம் சர்வகலாசாலை முழுவதிலும் இருந்ததாம். ஆட்டக்காரருக்கென்று காட்டிய சலுகை அல்லவாம். ஆகவே விதி மீறப்பட்டதாகச் சொல்ல முடியாதாம்! ஊரே திருடினால் திருட்டே இல்லை என்பதல்லவா இது?

“இதெல்லாம் போலீசும் கோர்ட்டும் பார்க்க வேண்டிய காரியம்” என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அப்படியானால், சிறுவர்களைக் கெடுத்த பயிற்சியாளன் விஷயமாய்ப் பென் ஸ்டேட் சர்வகலாசாலைக்கு 2012-ல் 6 கோடி டாலர் அபராதம் போட்டது எந்த அதிகாரத்தால்? அப்போது பறித்த 112 வெற்றிகளை 2015-ல் திருப்பிக் கொடுத்ததும் இதே சங்கந்தானே!

ஆட்டக்காரருக்குச் சர்வகலாசாலையே நேராகப் பணம் கொடுக்கலாம் என்று 2025-ல் ஆகிவிட்டது. 1987-ன் மகாபாதகம் இன்று சட்டம்! பெண்ணுக்குச் செய்த கொடுமை எந்தக் காலத்திலாவது நியாயமாகுமா?

மனு, ஜாதி பார்த்துத் தண்டனை எழுதினான். இவர்கள் வரும்படி பார்த்து எழுதியிருக்கிறார்கள். விதியில் இடமில்லை என்றால், விதி எழுதியவர்கள் மனிதர்கள்தானே? மாற்றி எழுதட்டும்!