வழுக்கி விழுந்தார்களாம்!

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடைந்த கையோடு ஒரு பெண் வருகிறாள். பதிவேட்டில் என்ன ஏறுகிறது? "வழுக்கி விழுந்தார்." சாதி வெறியர்கள் புகுந்து அடித்ததில் மண்டை உடைந்த விவசாயத் தொழிலாளிக்கும் பல சமயம் இதே எழுத்துதான். உழைப்பாளி மக்கள் மட்டும் ஓயாமல் வழுக்கி விழுவதன் மர்மம் என்ன?

மர்மம் ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவர் கேட்பதில்லை. சொல்ல வேண்டியவர் பயத்தால் சொல்வதில்லை.

2019–21இல் சர்க்காரே நடத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுவதற்கும் இது 29. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 100க்கு 14 பேரே! போலீஸ் வாசலை மிதிக்காத பெண்ணும் தலைவலிக்கும், கர்ப்ப காலப் பரிசோதனைக்கும், குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அங்கே கேட்காவிட்டால் வேறெங்கே கேட்பது?

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்தார்கள். நல்ல காரியம், வரவேற்றோம். கொதிப்பை அளக்கிறவர்கள் கையில் கிடக்கும் தழும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

"அது குடும்ப விஷயம்" என்கிறார்கள் பெரிய மனிதர்கள். "என் பண்ணையாள், நான் அடிப்பேன், நீ யார் கேட்க?" என்று கீழத் தஞ்சைப் பண்ணையார்களும் இப்படித்தான் சொன்னார்கள். 1940களில் செங்கொடி அங்கே எழுந்து சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. வயலில் ஒழிந்த சாட்டை வீட்டில் மட்டும் நியாயமாகிவிடுமா?

"எங்களுக்கு ஏன் வம்பு?" என்கிறது ஆஸ்பத்திரி நிர்வாகம். இது வம்பல்ல, கடமை! 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, உதவி கேட்கும் பெண்ணுக்குச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும் என்கிறது. 2006 விதிகளில் 17ஆவது இன்னும் தெளிவாகச் சொல்கிறது: முன்கூட்டி அறிக்கை பதியவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, அறிக்கை இல்லாவிட்டால் நிலையப் பொறுப்பாளரே படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், பரிசோதனை அறிக்கையின் நகலை அவளுக்கு இலவசமாகத் தர வேண்டும். எத்தனை நிலையங்களின் சுவரில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்?

"ஆளில்லை, நேரமில்லை" என்பது நர்சுகள் சொல்லும்போது நியாயம். காலி இடங்களை நிரப்பாத சர்க்கார் சொல்லும்போது பித்தலாட்டம். பம்பாய் பாந்த்ராவில் மாநகராட்சி ஆஸ்பத்திரியிலேயே 2000ஆம் ஆண்டில் 'திலாசா' மையம் திறந்தார்கள். கேரள சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 2009 முதல் 'பூமிகா' மையங்கள் வந்தன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அதற்காக இன்னொரு கண்துடைப்பையும் நாம் ஏற்க மாட்டோம். கணவனும் மாமியாரும் பக்கத்தில் நிற்க, "வீட்டில் அடிக்கிறார்களா?" என்று உரக்கக் கேட்டுப் பாரத்தில் கோடு போடுவது உதவியல்ல, இரவில் அவளுக்கு இன்னும் நாலு அடி வாங்கித் தரும் துரோகம்! வருகிற எல்லோரிடமும் இயந்திரம் போல் கேட்க வேண்டியதில்லை. அடையாளங்களைக் கண்டு கேளுங்கள் என்றே உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது. தனியிடம், பயிற்சி, ரகசியம், அடுத்து அனுப்ப ஓர் இடம்: இவை இல்லாமல் கேள்வி மட்டும் பயன் தராது.

சாதித் தாக்குதலுக்கு ஆளானவருக்கும் இது உயிர்ப் பிரச்னை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டாலும், டாக்டர் எழுதும் காயக் குறிப்பு பொய்யானால் கோர்ட்டில் குற்றவாளி சிரித்துக்கொண்டே வெளியேறுவான்.

தோழர்களே, நம் வீட்டுக்குள்ளும் பேசியாக வேண்டும். மில் கேட்டில் மேஸ்திரியின் அட்டகாசம் ஒழிக என்று முழங்கிவிட்டு வீட்டில் தானே மேஸ்திரியாகிறவன் எப்படித் தோழன்? குடிபோதையில் அடித்துவிட்டேன் என்கிறான். அதே போதையில் முதலாளியை ஏன் அடிப்பதில்லை? இந்தப் பேச்சு வர்க்க ஒற்றுமையைக் கெடுக்கும் என்பவர்களுக்குச் சொல்கிறோம்: அடிபடுகிற பெண்ணும் நம் வர்க்கம்தான். அவள் முதுகில் விழும் அடியே ஒற்றுமையைக் கெடுக்கிறது.

நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தனி அறை, பயிற்சி பெற்ற நர்சு, நிரந்தர ஊதியத்தில் ஓர் ஆலோசகர் வேண்டும். யார், எதனால், எப்போது அடித்தார் என்பதை அடிபட்டவர் சொன்னபடியே எழுத வேண்டும். 17ஆவது விதியைத் தமிழில் சுவரில் எழுத வேண்டும்.

மே தினக் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் சங்கத்தோடு சேர்ந்து சுகாதார நிலைய வாசலில் நிற்கட்டும். "வழுக்கி விழுந்தார்" என்ற பொய் எழுத்து ஒழியட்டும்!