பெட்டி வாங்கும் முன் பூவை எண்ணுங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ஊத்துக்கோட்டை பக்கம் அப்பா பெயரில் ரெண்டு ஏக்கர். கையில் யூடியூப். இந்த மூன்றும் சேர்ந்தால் இப்போது பலருக்கும் வருகிற யோசனை, தேனீ வளர்ப்பு. ‘இருபது பெட்டி வைங்க, அம்மா பார்த்துப்பாங்க, உட்கார்ந்த இடத்துல வருமானம்’ என்கிற ரக வீடியோக்களுக்குக் குறைவே இல்லை. குடும்பமாகச் சேர்ந்து செய்யக்கூடிய நல்ல தொழில்தான். ஆனால், இந்தத் தொழிலின் உண்மையான முதல் என்பது உங்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தில் பூக்கிற பூ. அதைப் பற்றி அந்த வீடியோக்கள் பேசுவதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம்ம ஊர் அடுக்குத் தேனீ, பெட்டிக்கு வருஷத்துக்குச் சுமார் 6 முதல் 8 கிலோ தரும். இத்தாலியத் தேனீ அதைப்போலப் பல மடங்கு தரும். ஆனால் பூ இருக்கிற ஊருக்கெல்லாம் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்க்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. ஆக, 20 பெட்டிக்கு 120 கிலோ. கிலோ 600 ரூபாய்க்கு நேரடியாக விற்றாலும் 72,000 ரூபாய். அதாவது மாசம் ஆறாயிரம். பாட்டில், லேபிள், உணவுப் பாதுகாப்புப் பதிவு, பூ இல்லாத மாதங்களில் ஊட்டும் சர்க்கரைப் பாகு எல்லாம் இதிலிருந்துதான் போகணும். ‘அம்மா பார்த்துப்பாங்க’ என்றோமே, வாராவாரம் பெட்டியைத் திறந்து பார்ப்பது, எறும்பு ஏறாமல் ஸ்டாண்ட் கால் கிண்ணங்களில் தண்ணீர் நிரப்புவது, மெழுகுப் பூச்சி விழுந்த அடையை வெட்டி எறிவது என்று அவர் செய்யும் வேலைக்கு இந்தக் கணக்கில் கூலியே இல்லை.

அந்த 6 கிலோவும் பூ இருந்தால்தான். அடுக்குத் தேனீ பொதுவாக ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இரை தேடும். பெட்டியை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டுப் பார்த்தால் சுமார் 775 ஏக்கர் வரும். உங்கள் ரெண்டு ஏக்கர் அதில் ஒரு மூலை. மீதி எல்லாம் பக்கத்துக்காரர் வயல், ஏரிக்கரை, புறம்போக்கு, லேஅவுட், ஃபேக்டரி. திருவள்ளூர் நெல் விளைகிற மாவட்டம். நெற்பூவில் தேன் கிடையாது. அதனால் இங்கே தேனீக்குச் சோறு போடுவது மாந்தோப்பும், வேம்பும், புங்கனும், நாவலும், புதர்க்காடும்தான். எல்லோரும் வெட்டச் சொல்கிற சீமைக் கருவேலம்கூட தேனீ வளர்ப்பவருக்கு வேண்டப்பட்ட மரம்!

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் குறைந்துகொண்டே வருவது இதுதான். தேர்வாய் கண்டிகையில் மக்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய பொதுக்காடு ஆயிரம் ஏக்கருக்கும் மேல் சிப்காட்டுக்குப் போனது. ஊர் எதிர்த்துப் போராடியும் நிற்கவில்லை; மிஷலின் டயர் ஆலை அங்கேதான் வந்தது. அதனால் கிடைத்த வேலைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் போட்ட 775 ஏக்கர் வட்டத்தோடு அந்த நிலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தேனீக் குடும்பத்தின் மொத்த உலகத்தைவிடப் பெரிய இடம் அது.

மார்த்தாண்டம் எப்படி ஜெயித்தது என்று கேட்பீர்கள். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே கிராமத்துக் குடும்பங்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். பெட்டி, பயிற்சி, கூட்டுறவு எல்லாமே இருந்தது உண்மை. ஆனால் அங்கே ரப்பர் தோட்டங்களும் இருக்கின்றன. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீர்தான் அந்த ஊர்த் தேனின் பெரும்பங்கு. அப்படிப்பட்ட ஊரிலேயே 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து புழுப்பை நோய் வைரஸ் வந்து பெட்டிகளைக் காலி செய்தது. திரும்ப எழ வருஷங்கள் ஆயின.

நம்மிடம் ரப்பர் இல்லை, உருக்கு ஆலைப் புகை இருக்கிறது. பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், காற்று மாசு அதிகமான இடங்களில் பிடித்த மலைத்தேனீக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரே நாளில் செத்துவிட்டன. அது வேறு தேனீ, வேறு ஊர். ஆனாலும் ஆலைச் சுவரை ஒட்டிப் பெட்டி வைக்கப் போகிறவர் ஒரு தடவை யோசிக்கத்தான் வேணும்.

இத்தனையும் தாண்டித் தேன் எடுத்தால், மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும். உடனே ‘சர்க்கரை கலந்துட்டீங்க’ என்பார் வாடிக்கையாளர். நல்ல தேனும் உறையும். இளஞ்சூட்டு நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். டெல்லியின் சி.எஸ்.இ. 2020 டிசம்பரில் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது என்.எம்.ஆர். பரிசோதனையில் 10 தேறவில்லை என்பதையும் அவருக்குச் சொல்லலாம்.

அப்படியானால் வேண்டாமா? ரெண்டு பெட்டியோடு ஆரம்பியுங்கள் என்பேன். திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். அப்புறம் ஒரு வருஷம் அந்த ஒரு கிலோமீட்டரை நடந்து பாருங்கள். தை, மாசியில் மா. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பக்கத்து நிலத்துக்காரர் பூச்சிமருந்தை எந்த நேரத்தில் அடிக்கிறார் என்று விசாரியுங்கள். தேனீ கூடு திரும்பிய பிறகு, சாயங்காலம் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பூசணி, பாகல், தர்பூசணி போட்டிருந்தால் அவருக்கே உங்கள் தேனீ தேவை. கலிஃபோர்னியாவில் பாதாம் தோட்டக்காரர்கள் பூக்கிற சில வாரங்களுக்கு மட்டும் ஒரு பெட்டிக்கு 200 டாலர் வாடகை தருகிறார்கள். நம்ம ஊரில் பெட்டி வைக்க இடம் கொடுப்பதையே தர்மம் செய்வதாக நினைக்கிறார்கள், அதுவும் மாறணும்.

கடைசியாக ஒன்று, சிப்காட்டுக்குள் வேலை பார்க்கிறவர்களுக்கு. ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில் பசுமைப் பட்டை வளர்க்கும் நிபந்தனை வழக்கமாக இருக்கும். பல இடங்களில் அது புல்தரையும் குரோட்டன்ஸுமாக முடிந்துவிடுகிறது. அடுத்த ஜூன் 5-ம் தேதி எச்.ஆர். மரக்கன்றும் போட்டோகிராபருமாக வந்து நிற்கும்போது, புங்கன் கன்றும் நாவல் கன்றும் கேளுங்கள்.