பனிக்குப் பயந்து வானத்தை விடுவதா?



மாரிமழை ஓய்ந்து தை பிறந்ததும் நற்பிட்டிமுனை, மருதமுனை, கல்முனைப் பக்கத்து வானம் கழுவித் துடைத்தாற்போலத் தெளிந்துவிடுகிறது. வருடத்தில் ஆகப் பிரகாசமான நட்சத்திரங்கள் இஷாவுக்குப் பிறகு தலைக்கு மேலே வந்து நிற்பதும் இந்த நாட்களில்தான். ஆனால் முற்றத்தில் நின்று, “அது என்ன நட்சத்திரம், உம்மா?” என்று பிள்ளை கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “பனி படும், உள்ளே வா” என்பதே. மகனாவது சந்திக் கடைக்குப் போகும் வழியில் கொஞ்சம் அண்ணாந்து பார்ப்பான். மகளின் கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது.

பனியைக் காரணம் காட்டி அந்தக் கேள்வியை மூடிவிடத் தேவையில்லை. தடிமன் கிருமியால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது. பனித்துளி அதைக் கொண்டு வருவதில்லை. குளிர் உடம்பை எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டிலுள்ள பொருட்களைக் கொண்டே அதைத் தடுத்துவிடலாம்.

நம் கரையில் ஜனவரி இரவில்கூட வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நடந்து திரிபவருக்கு அது பெரிய குளிர் அல்ல. அசையாமல் அண்ணாந்து இருப்பவருக்குத்தான் உறைக்கும். சும்மா இருக்கும் உடம்பு, பழைய 100 வாட் குண்டு பல்ப் ஒன்று விடும் அளவு சூட்டைத்தான் உண்டாக்குகிறது. அந்தச் சூடு நான்கு வழிகளால் நம்மை விட்டுப் போகிறது.

முதலாவது காற்று. உடம்பை ஒட்டியுள்ள சூடான காற்றை வாடை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே காற்று வரும் பக்கத்துக்குச் சுவரோ வேலியோ மறைப்பாக இருக்கும்படி அமருங்கள்.

இரண்டாவது தரை. சீமெந்துத் தரையும் ஈர மணலும் சூட்டை உறிஞ்சும். பன்பாய் மட்டும் போதாது. அதன் கீழே உலர்ந்த சாக்கையும் விரித்த காட்போட் பெட்டியையும் போட்டு, மேலே மடித்த போர்வையை வையுங்கள். சாய்மனைக் கதிரையில் சாய்ந்து பார்ப்பது கழுத்துக்கு நல்லது. அதிலும் முதுகுக்குக் கீழே ஒரு போர்வை வேண்டும்.

மூன்றாவது ஈரம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனால்? பானையில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்வதால்தானே! ஈரக் கூந்தலும், வுழூச் செய்துவிட்டுத் துடைக்காத பாதமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தலையை நன்றாக உலர்த்தி, கால்களைத் துடைத்து, காலுறை போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். நுளம்புக்கும் அது காவல்.

நான்காவதைப் பலர் அறிவதில்லை: அதுதான் வானம். மேகம் பூமிக்குப் போர்வை போன்றது. அது விலகிய இரவில் பூமியிலுள்ள எல்லாப் பொருட்களும் தம் சூட்டை வானத்தை நோக்கி வீசிக் குளிர்கின்றன. புல் அப்படிக் குளிர்ந்து, அருகிலுள்ள காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகப் படிவதே பனி. காலையில் பாருங்கள், வெளிப்புல் நனைந்திருக்கும்போது மாமரத்தின் கீழே புல் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்மேல் உறைபனி படிவதும் வானம் தெளிந்த இரவுகளில்தான். எனவே வானத்தைப் பார்த்திருக்கும் தலைக்கும் தோளுக்கும்தான் மறைப்பு முக்கியம். நம் தலைச்சீலைக்கு மேலே ஒரு மருதமுனைக் கைத்தறிப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டால் போதும். ஒரு தடித்த துணியைவிட இரண்டு மெல்லிய துணிகள் நல்லவை. இடையில் நிற்கும் காற்றே சூட்டைக் காக்கும்.

பிளாஸ்க்கில் இஞ்சிப் பிளேன்டீயோ கொத்தமல்லித் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். வயதான உம்மம்மாவுக்குச் சுடுநீர்ப் போத்தலொன்றைச் சீலையில் சுற்றி மடியில் கொடுக்கலாம். கைக்குழந்தைக்கு வேண்டாம், தோல் வெந்துவிடும். தொய்வு உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் சீலையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மட்டும் இருக்கட்டும். இழுப்புத் தொடங்கினால் உடனே உள்ளே போய்விட வேண்டும்.

சிரட்டைக் கரிச் சட்டி வேண்டவே வேண்டாம். அதன் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். அதைவிட, குளிர் தாங்காமல் அந்தச் சட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டினால் உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு மணமற்ற நச்சு வாயு. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

சரி, இவ்வளவு ஆயத்தமும் எதைப் பார்க்க? நம் பிள்ளைகளின் பெயர்களைத்தான் பார்க்க! ஜனவரி நடுவில் இரவு 9, 10 மணியளவில் உச்சிக்கு அருகே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால், இரவு வானின் ஆகப் பிரகாசமான நட்சத்திரம் தெரியும். ஸூரத்துந் நஜ்மில் பெயர் சொல்லப்படும் ஷிஃரா அதுதான். அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஸுஹைல். மூன்றையும் வடமேற்கே நீட்டினால் சிவந்த அல்தபரான். அதற்கும் அப்பால் ஒரு சிறு கொத்து. தமிழில் கார்த்திகை என்கிறோம், அரபியில் அதுவே சுரையா. சுரையாவைப் பின்தொடர்ந்து வருவதால்தான் மற்றதற்கு அல்தபரான், அதாவது பின்தொடர்பவன், என்று பெயர். மூன்று நட்சத்திரத்துக்குத் தென்மேற்கே வெள்ளையாக மின்னுவது ரைகல். அரபியில் ரிஜ்ல் என்றால் கால் என்பது மதரஸாவில் ஓதும் பிள்ளைக்குத் தெரியும். கி.பி. 964 அளவில் பாரசீகத்து அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி இந்த நட்சத்திரங்களை நூலாக எழுதி வைத்தார். இன்றைக்கும் உலகம் இவற்றில் பலவற்றை அரபிப் பெயரால்தான் அழைக்கிறது. வீட்டில் ஒரு சுரையாவோ ஸுஹைலோ இருந்தால், தன் பெயரை வானத்தில் கண்டுகொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டல்லவா?

இன்னொன்று. நோன்பு வருடந்தோறும் சுமார் 11 நாள் முன்னே வருகிறது. பிறையைப் பொறுத்து, 2028இல் ரமழான் ஜனவரி கடைசியில் தொடங்கும். 2030இல் ஜனவரி முதற்கிழமையிலும் டிசெம்பர் கடைசியிலுமாக இரண்டு தடவை வரும். ஸஹருக்குச் சமைக்க நாம் எழும் நேரம், பனி ஆகக் கூடிய நேரம். ஜனவரியின் அந்த நேரத்தில் தெற்கே நான்கு நட்சத்திரங்கள் சிலுவை வடிவில் நிமிர்ந்து நிற்கும். கடலோடிகள் தென்திசை அறிய உதவியவை. அடுப்பில் சோறு கொதிக்கும் இடைவெளியில், மகளையும் எழுப்பிக்கொண்டு ஐந்து நிமிடம் முற்றத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அதற்கென்று ஒரு போர்வையை இப்போதே கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள்.