சினையாட்டுக்குத் தீவனக் கடன்

ஆடு வாங்கக் கடன் கோரும் அங்கத்தினர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களையே விசாரிக்கிறார்கள். ஆடு எத்தனை கிலோ நிற்கும், ஈற்றுக்கு எத்தனை குட்டி போடும் என்பவையே அவை. தின்ற தீவனத்தை அது எவ்வாறு செலவிடுகிறது என்று கேட்பவர் அரிது. அச்சன்புதூர் போன்ற ஊர்களில் தவணை ஒழுங்காக வருவதும் தவறுவதும் இந்த மூன்றாவது கேள்வியைப் பெரிதும் பொறுத்தவை என்பது நமது அபிப்பிராயம்.

இன்சுலின் என்றதும் நமக்கு நீரிழிவு நினைவுக்கு வரும். ஆட்டுக்கும் அந்தச் சுரப்பு உண்டு. ஆனால் ஆடு தின்னும் புல்லும் தட்டையும் முன்வயிற்றில் நுண்ணுயிர்களால் புளித்து அமிலங்களாகின்றன. உணவிலிருந்து நேரே சர்க்கரையாக இரத்தத்தில் சேர்வது சொற்பமே. அவ்வமிலங்களுள் புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு ஈரல்தான் வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதியைச் செய்துகொள்கிறது. ஆகவே ஆட்டின் இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிக்கு 50 முதல் 80 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். கையிருப்பு குறைவான குடும்பம் அது.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரங்களில் நிகழ்கிறது. அப்போது தாயின் தசையும் கொழுப்பும் இன்சுலினுக்கு முன்போல் செவிசாய்ப்பதில்லை. இது நோயன்று, சர்க்கரையைத் தன் உடலுக்கு எடுத்துக்கொள்ளாமல் கருவுக்கு விடும் இயற்கை ஏற்பாடு. அந்நேரத்தில் தீனி குறைந்தால் உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் குவியும். கீட்டோன் பொருள்கள் இரத்தத்தில் பெருகும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், பல்லைக் கடிக்கும், கண் தெரியாததுபோல் நிற்கும், பிறகு படுத்தால் எழாது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடும், மிதமிஞ்சிக் கொழுத்த ஆடுமே இதற்கு அதிகம் இலக்காகின்றன. தறிக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு, பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியின் மீதியையும் ஊற்றி வளர்க்கும் நெசவாள அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்சுலினுக்கு உடல் இணங்கும் அளவும் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் விதமும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. நம் திருநெல்வேலிச் சீமையின் செவ்வாடும் கீழக்கரிசலும் தரிசிலும் அறுவடைத் தாளிலும் மேய்ந்து பழகியவை. பெரும்பாலும் ஒற்றைக் குட்டி ஈனுபவை. சுந்தரவனத்துக் கரோல் ஆடு பல குட்டி ஈனும் மரபணுவை உடையது. மகாராஷ்டிரத்துப் பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைத் தக்காணி ஆட்டில் சேர்த்து ‘நாரி சுவர்ணா’வை உருவாக்கினர். ராஜஸ்தானத்து அவிகாநகரில் ‘அவிஷான்’ பிறந்ததும் கரோல் கலப்பினால்தான். நல்ல முயற்சிகளே, நாம் குறை கூறவில்லை. ஆனால் இரண்டு குட்டிக்கு ஆசைப்படுகிறவர் இரண்டு குட்டிக்கான தீனியையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நமது பக்கத்தில் பிசான அறுவடை முடிந்ததும் வயல்களில் கிடை போடுகிறார்கள். மாசி, பங்குனியில் ஆடுகள் தேறி நிற்கும். மார்கழியில் கிடாய் சேர்ந்த ஆடு வைகாசியில் ஈனும். அதன் கடைசி ஆறு வாரம் சித்திரை வெயிலில் அகப்படுகிறது. குற்றாலத்தில் சாரல் விழுவதற்கு இன்னும் நாள் இருக்கும். மேய்ச்சல் கருகிக் கிடக்கும்.

ஆகவே ஆட்டின் விலையை மட்டும் கொடுத்துக் கணக்கை முடிக்கும் வழக்கத்தைச் சங்கங்கள் மாற்ற வேண்டும். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ தானியக் கலவை வீதம் 45 நாளுக்கு 11¼ கிலோ. இருபது ஆட்டுக்கு 225 கிலோ. இதை இரண்டாம் தவணையாகத் தீவனமாகவே வழங்கலாம். கிடாய் சேர்த்த தேதியை அங்கத்தினர் எழுதிக் கொடுத்தால் 105ஆம் நாளில் மூட்டை வீடு சேரும். திடீரென்று தானியத்தைக் கொட்டினால் முன்வயிறு புளித்து ஆடு சாகும். சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கடலைக்கொடியும் உளுந்தங்கூளமும் உள்ள விவசாயி அங்கத்தினரிடமிருந்தே அறுவடைக் காலத்தில் அவற்றை வாங்கி வைத்தால் பணம் ஊரிலேயே சுற்றும். இத்திட்டத்தை எதிர்வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.