வேலைக்குச் செல்லும் மகளின் ஆடை

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நியமன ஆணையும் கைக்கு வந்துவிட்டது. அடுத்து வீட்டில் எழும் வினா, எதை உடுத்திக்கொண்டு போவது என்பதே. இதனை அற்ப வினா என்று தந்தையர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், முதற் சம்பளம் வருமுன்னரே தவணைக்குத் துணியெடுத்து, அச்சம்பளத்தைக் கடைக்காரருக்குக் கட்டிய குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. சேலையைப் பற்றிச் சாமியாருக்கு என்ன தெரியும் என்று நகைக்கும் சகோதரிகள் சற்றுப் பொறுத்தருள்க. வேலைக்குச் செல்லும் பெண்களிடம் கேட்டறிந்தவற்றையே எழுதுகிறேன்.

வாரத்திற்கு ஆறு நாள் வேலையாயினும் தொடக்கத்தில் ஐந்து ஆடைகள் போதும். அவற்றுள் மூன்று பருத்தியாகவும், இரண்டு கலப்பு நூலாகவும் இருத்தல் நலம். பருத்தி வியர்வையை உறிஞ்சும். நம் சித்திரை வெயிலுக்கு அதுவே உகந்தது. ஆனால் கஞ்சியிட்டுத் தேய்க்க நேரம் வேண்டும். விடியற்காலையில் சமையலை முடித்துப் பேருந்துக்கு ஓடும் பெண்ணுக்கு அந்நேரம் நாள்தோறும் வாய்ப்பதில்லை. மழைக்காலத்தில் இரவில் துவைத்துக் காலையில் உடுத்தக் கலப்பு நூல் கைகொடுக்கும். ஆய்வுக்கூடத்திலோ அடுப்பருகிலோ பணிபுரிவோர் மட்டும் பாலியஸ்டரைத் தவிர்த்தல் வேண்டும். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

செட்டிநாட்டுக் கண்டாங்கி நெடுநாள் உழைக்கும், சற்றுக் கனமானது. மதுரைச் சுங்குடி மெல்லியது, கோடைக்கு இதமானது. சாயம் இறங்கக்கூடுமாதலால் முதல் சில முறை தனியே அலசி, நிழலில் உலர்த்துக. குள்ளமானவர்க்குச் சிறு கரை எடுப்பாக இருக்கும்; அகன்ற கரை உயரத்தை இன்னும் குறைத்துக் காட்டும். ஒன்றுக்கொன்று மாற்றி அணியத்தக்க நிறத்தில் இரண்டு மூன்று ரவிக்கைகள் இருந்தால் ஐந்து சேலைகளுக்கும் ஈடுகொடுக்கலாம். உடல் பருத்தாலும் மெலிந்தாலும் பிரித்துத் தைக்க வசதியாக, உட்புறத்தில் துணியை மிச்சம் விடும்படி தையற்காரரிடம் சொல்லுங்கள். சேலை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், ரவிக்கை பொருந்தாவிடில் நாள் முழுவதும் அதனை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க நேரிடும். அத்தகையவர் வேலையில் எங்ஙனம் மனம் செலுத்துவார்?

சேலை மட்டுமே கண்ணியமான உடை என்று வாதிடும் முதியோர் இன்றும் உளர். தமிழக அரசு 2019ஆம் ஆண்டில் தலைமைச் செயலக ஊழியர்க்கு வெளியிட்ட ஆடை விதியிலேயே சேலையோடு, துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் சல்வார் கமீசும் இடம்பெற்றன. ஏணியில் ஏறிக் கோப்பெடுப்பவளுக்கும், ஸ்கூட்டரில் செல்பவளுக்கும் சுடிதாரே வசதி. துப்பட்டாவை மட்டும் நன்கு முடிந்துகொள்க; சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆண்களின் சட்டைக்குக் கேளாமலே பை வைக்கும் தையற்காரர், பெண்களின் உடையில் அதனை மறந்துவிடுகிறார். பக்கத் தையலோடு ஒரு பை வைக்கச் சொல்லுங்கள். பேருந்துக் காசுக்கும் சாவிக்கும் உதவும்.

துணிக்கடைகளில் நின்றே பணிபுரியும் நம் பெண்பிள்ளைகளுக்கு அழகிய சீருடையைக் காட்டிலும் கால் நோகாத செருப்பே முதன்மையானது. ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டுமென்று தமிழகத்தில் 2021ஆம் ஆண்டிலேயே சட்டத்திருத்தம் வந்தது. உங்கள் மகள் பணிபுரியும் கடையில் இருக்கை உண்டா என்று அவளிடம் கேட்டதுண்டா?

மற்றொன்றையும் கூறாதிருக்க இயலவில்லை. மாதச் சம்பளத்தை அப்படியே கணவரிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டு, ஒரு ரவிக்கைத் துணிக்கு அவர்கள் முகம் பார்த்து நிற்கும் மருமகள்கள் பலர். சாயம்போன சேலையோடு அலுவலகத்தில் கூசி நிற்கும் அவளைத் தோழியர் கஞ்சத்தனம் உள்ளவள் என்று எண்ணுகின்றனர். உண்மையை அவள் வெளியிற் சொல்வதில்லை. கணவர்மாரே, உங்கள் சட்டையை நீங்கள் யாரைக் கேட்டு வாங்குகிறீர்கள்? ஆடைக்கென ஒரு தொகையை அவள் கையிலேயே விட்டுவையுங்கள். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் சென்று, தனக்கு வேண்டியதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். உடன் செல்ல விரும்பினால் பையைச் சுமக்கச் செல்லுங்கள்.